கேம்பிரிட்ஜ் ஃபார்மல் ஹாலுக்கு முதல் தடவை போறவங்களுக்கு

இந்த அக்டோபர்ல கேம்பிரிட்ஜுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றவங்க விசா, ரூம், பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தையும் கேக்குறாங்க, ஃபார்மல் ஹால் (காலேஜ்ல முறைப்படி நடக்குற ராத்திரி விருந்து) பத்தி மட்டும் யாரும் கேக்குறதில்ல, ஆனா உள்ளுக்குள்ள பயம் இருக்கும்னு எனக்கு தெரியும். நான் முதல் டெர்ம் 8 வாரமும் ஒரு ஃபார்மலுக்கு கூட போகல. கத்தியும் ஃபோர்க்கும் தப்பா பிடிச்சிருவேனோன்னு ரூம்லயே ரசம் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன், அத நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. நீங்க அப்படி பண்ணாதீங்க.

நம்ம ஊர் கல்யாண பந்தில ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டவங்களுக்கு இதுல பாதி ஏற்கனவே தெரியும். மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்து நிக்கணும், ஃபெல்லோஸ் (காலேஜோட ஆசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள்) வரிசையா வந்து ஹை டேபிள், அதாவது அவங்க உக்காருற மேஜை கிட்ட நிப்பாங்க, லத்தீன்ல கிரேஸ்னு ஒரு பிரார்த்தனை சொல்லுவாங்க, சில இடத்துல நீளமா இருக்கும், சில இடத்துல "பெனெடிக்டுஸ் பெனெடிகட்"னு ரெண்டே வார்த்தைல முடிஞ்சிரும். அது முடியுற வரைக்கும் உக்காரக்கூடாது, ரொட்டிய தொடக்கூடாது. கடைசிலயும் ஹை டேபிள்ல இருக்குறவங்க எழுந்த பிறகுதான் நாம கிளம்பணும், அதனால பாத்ரூம் போறவங்க முன்னாடியே போயிட்டு வந்திருங்க. சாப்பிட்டு முடிச்சா கத்தி, ஃபோர்க் ரெண்டையும் தட்டுல சேத்து வைக்கணும், நாம இலைய மூடுற மாதிரிதான் அது, அத பாத்துதான் தட்ட எடுப்பாங்க.

ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் வெளிப்பக்கம் இருக்குறத முதல்ல எடுத்து, ஒவ்வொன்னா உள்ள வரணும். இடது பக்கம் இருக்குற ரொட்டி தட்டு உங்களோடது, கிளாஸ் வலது பக்கம். ரொட்டிய கத்தியால வெட்டாம கையால பிச்சு, பிச்ச துண்டுக்கு மட்டும் வெண்ணெய் தடவுங்க. எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது இடது கைல ஃபோர்க் பிடிச்சு வாய்க்கு கொண்டு போறதுதான், பீச்சாங்கையால சாப்பிடாதேன்னு வாங்கின அடியெல்லாம் ஞாபகம் வந்துச்சு. ரூம்ல தோசைய கத்தி, ஃபோர்க் வச்சு சாப்பிட்டு பாருங்க, ஒரு வாரத்துல பழகிரும்.

என் முதல் ஃபார்மல்ல பக்கத்துல பிஎச்டி பண்ற ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க, பாபிலோனிய களிமண் பலகைகள படிக்கிறவங்க. எந்த ஃபோர்க்குன்னு நான் முழிக்கிறத பாத்துட்டு ஒன்னுமே சொல்லாம தன்னோடத மெதுவா எடுத்து எனக்கு தெரியுற மாதிரி ஒரு நிமிஷம் பிடிச்சுகிட்டே இருந்தாங்க, அப்புறம்தான் சாப்பிட ஆரம்பிச்சாங்க. அந்த மரியாதைய நான் மறக்கவே மாட்டேன். ரெண்டு பக்கமும் இருக்குறவங்க கிட்ட மாத்தி மாத்தி பேசுங்க, என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு கேட்டா போதும், மிச்சத்த அவங்களே பேசுவாங்க. செல்ஃபோன உள்ள வச்சிருங்க.

வெஜிடேரியன்ஸ் கவனமா படிங்க. 1914ல இங்க டிரினிட்டி காலேஜுக்கு வந்த கணித மேதை ராமானுஜன் சைவ சாப்பாட்டுக்காக ரூம்லயே தானே சமைச்சு சாப்பிட்டார், இன்னைக்கு அந்த கஷ்டம் இல்ல, ஆனா புக் பண்ணும்போதே எழுதணும், அன்னைக்கு சாயங்காலம் சொன்னா கிச்சன்ல ஒன்னும் பண்ண முடியாது. வெஜிடேரியன்னு மட்டும் போட்டா முட்டை வரும், முட்டை, ஜெலட்டின் (விலங்குலேர்ந்து எடுக்குறது) வேண்டாம்னா தனியா எழுதுங்க.

குடிக்கிறதும் குடிக்காததும் உங்க இஷ்டம், தண்ணி மட்டும் குடிச்சா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. போர்ட் ஒயின் பாட்டில் வந்தா இடது பக்கம் இருக்குறவங்களுக்கு நகத்திடுங்க, உங்க கிட்டயே நிறுத்தி வைக்காதீங்க. கிளாஸ்ல காசு போட்டு மொத்தமா குடிக்க சொல்ற விளையாட்டு ஒன்னு இருக்கு, பிடிக்கலன்னா வேண்டாம்னு நேரா சொல்லிருங்க.

டிரஸ்ஸுக்கு சூட் இல்லன்னு கவலப்படாதீங்க, புடவை மேல கவுன் (டிரஸ் மேல போட்டுக்குற காலேஜ் அங்கி) போட்டுட்டு வர்றவங்கள நானே பாத்திருக்கேன். கவுன் காலேஜுக்கு காலேஜ் மாறும், சில இடத்துல கட்டாயமே இல்ல, உங்க காலேஜ்ல கேட்டுட்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க. மெட்ரிகுலேஷன் டின்னர் (புதுசா சேந்தவங்களுக்கான விருந்து) மெயில் வந்த அன்னைக்கே பதில் போட்டுருங்க.