எம்.ஜி.பி. வந்த பிறகு

2024 மார்ச் 16, சனி. ரெடிங், இங்கிலாந்து

வண்டி வந்து சேர்ந்தது. 1969-ல் எம்.ஜி. நிறுவனத்தின் ஆபிங்டன் ஆலையில் செய்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், நிலையான கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், கம்பிச் சக்கரங்கள், 1798 சிசி எஞ்சின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள்.

விற்றவர் பெருமையாகச் சொன்னது, பல வருடமாக இது ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை என்பது. நண்பர்களும் அதைக் கேட்டுவிட்டு "நல்ல வண்டிதான்" என்கிறார்கள். எனக்குக் கவலையே அதில்தான். ஓடித் தேய்ந்ததைச் சரிசெய்வது சுலபம். நின்று கெட்டது கண்ணில் படாது. ரப்பர் இறுகியிருக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், பெட்ரோல் பம்புக்குள் மின்சாரம் தொட்டு விடும் பாயின்ட் கறுத்திருக்கும். அதனால் ஓட்டி வராமல் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். பாலிஷ் டப்பாவைப் பரிசு கொடுத்த மைத்துனரிடம், அது கடைசியில்தான் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று முழுக்கத் துரு தேடும் வேலை. இதற்கு முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) உண்டு. எம்.ஜி.பி.க்கு உடலேதான் அடிச்சட்டம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் போனால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் அந்தப் பாரமும் சேர்ந்து சில்மேல்தான் விழும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, பின்சக்கர வளைவிலிருந்து முன்பக்கம்வரை தடவிக்கொண்டே வந்தேன். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இடது பின்வளைவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் அப்படி. அதைத் தாங்கிக்கொள்ளலாம். அப்புறம் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். உடல் தளர்ந்திருந்தால் கதவின் இடைவெளி மாறி, கதவு இடிக்கும். இரண்டு பக்கமும் இடிக்கவில்லை. மனசு லேசானது.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைந்திருந்தன. ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் வண்டல் கொட்டியது. இந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். அந்தத் துளை அடைபட்டால் உள்ளிருந்தே அரித்துவிடும். எந்தச் செலவும் இல்லாத இந்த வேலையை எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள்!

மார்ச் 23, சனி

டயர்களில் பட்டன் புதுசு போல இருக்கிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்: 2309. அதாவது 2009-ம் ஆண்டின் 23-வது வாரம். வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள். தேய்மானத்தைப் பார்த்து டயரை மதிப்பிடுவது இந்த மாதிரி வண்டிக்குப் பொருந்தாது. ஐந்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன், டியூபோடு. கம்பிச் சக்கரத்தில் ஆரக்கால் முனைகள் வழியாகக் காற்று கசியும், டியூப் இல்லாமல் நிற்காது.

முன் பிரேக் ஹோஸ்களையும் கழற்றியாகிவிட்டது. வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே ரப்பர் உப்பி வழி குறுகிவிட்டால், அழுத்தும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே நிற்கும். புது ஹோஸ், புது பிரேக் ஆயில். காற்றை வெளியேற்ற மகள் பெடலில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அழுத்தட்டுமா?"

"அழுத்தும்மா. அப்படியே பிடிச்சுக்கோ. ம்... இப்ப விடு."

முதலில் வந்தது டீ டிகாக்‌ஷன் நிறம். கடைசியில் தெளிந்த பொன்னிறம். பெடல் கெட்டியானதும் அவளே "இப்பத்தான் சரி" என்றாள்.

மார்ச் 30, சனி

பெட்ரோல் பக்கம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸை அது தின்றுவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றினேன். இனி இதற்கு 5 சதவீத சூப்பர் ரகம் மட்டும்தான்.

ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1999 முடிவோடு பெட்ரோல் பங்க்குகளிலிருந்து போய்விட்டது. அந்த ஈயம் இல்லாவிட்டால் பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் சீட் தேயும். வண்டியோடு வந்த பழைய ரசீதுகளில் ஒன்று, சிலிண்டர் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருப்பதைக் காட்டுகிறது. பெரிய நிம்மதி. பழைய கோப்பைப் பொறுமையாகப் படித்தால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி.

சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. மின்பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே வரவில்லை. பம்பின் பாயின்ட்களைத் துடைத்ததும் அடிக்கத் தொடங்கியது, சிறிது நேரத்தில் நின்றது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது, இல்லை டேங்க் காலி என்று அர்த்தம்.

ஏப்ரல் 13, சனி

நான் காத்திருந்த நாள். டியூனிங்.

இதில் வரிசை முக்கியம். கார்புரேட்டரில் முதலில் கை வைக்கவே கூடாது. வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ, அதற்கப்புறம் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். எல்லாம் சரியான பிறகுதான் கார்புரேட்டர். வால்வு இடைவெளியைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். அடுத்த முறை அது குறைந்திருந்தால் சீட் தேய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்தினேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். உள்ளே போகும் காற்றின் சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். நேரம் எடுத்தது. ஆனால் இரண்டும் ஒத்துப்போகும் அந்த நொடியில் எஞ்சினின் நடுக்கம் அடங்குவது கைக்குத் தெரிகிறது.

அடுத்து கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அடியிலுள்ள சிறு முளையால் மிகக் கொஞ்சம் தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே கூடியிருந்தால் பெட்ரோல் அதிகம். குறைந்து தடுமாறினால் பெட்ரோல் போதவில்லை. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில், பெட்ரோல் வரும் ஜெட்டின் நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். மேலே, பிஸ்டன் குதிக்காமல் அடக்கும் டேம்பருக்குள் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் காதும் கையும் சேர்ந்து செய்கிற இந்த வேலைக்காகவே இந்த வண்டியை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மே 6, திங்கள் (விடுமுறை)

கிரீஸ் நாள். முன் சக்கரம் ஒவ்வொன்றும் திரும்புவதற்கான அச்சாணி கிங்பின். ஒவ்வொன்றிலும் கிரீஸ் ஏற்ற மூன்று நிப்பிள். 3000 மைலுக்கு ஒருமுறை என்பது கணக்கு. ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை அடிப்பேன். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும். கொஞ்சம் சோம்பினால் கிங்பின்னே தேய்ந்துபோகும். கிரீஸுக்கு ஆகும் காசையும் அந்தச் செலவையும் ஒப்பிடவே முடியாது.

சக்கர அச்சின் பல்லுக்கும் கிரீஸ். நடுவிலுள்ள பெரிய நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். வலப்பக்கம் இடது மரை, இடப்பக்கம் வலது மரை. மாற்றிப் போட்டால் ஓட ஓடத் தளரும்.

40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மேயிலிருந்து எம்.ஓ.டி. என்னும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் காட்டினேன். என் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படட்டும். சோதித்தவர் சொன்ன ஒரே குறை, ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் தளர்வு.

ஜூன் 15, சனி

வாலிங்ஃபோர்ட் வழியாக ஆபிங்டன் போய்வந்தோம். 1980-ல் மூடிய ஆலையின் பக்கத்திலேயே எம்.ஜி. கார் கிளப்பின் அலுவலகமான கிம்பர் ஹவுஸ் இருக்கிறது. 18 வருடத்தில் 5 லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. இந்த ஊரிலிருந்து போயிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் ஒரு நட்டுக்கூடப் பஞ்சம் இல்லை. 1988-லிருந்து முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

ஓடும்போது ஆயில் பிரஷர் 60-ஐ விட்டு அசையவில்லை. போகப் போக எஞ்சின் மென்மையாகிக்கொண்டே வந்தது. வாராவாரம் ஒரு அரைமணியாவது, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுவது என்று முடிவுசெய்திருக்கிறேன். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் நிற்கவைத்து அணைப்பது கெடுதல். எஞ்சினுக்குள் வியர்க்கும் ஈரம் காய்வதற்குள் அணைந்துவிடும்.

இனி பாக்கி: ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு கிரீஸ், மழைக்காலத்துக்கு முன் சில்லுக்குள் மெழுகு. மைத்துனரின் பாலிஷ் டப்பாவையும் நாளை திறக்கலாம்.