செஷன் ஐபிஏவுக்குத் தனி வகை தேவையா? நான்கு பேட்ச் காய்ச்சிப் பார்த்த கதை

செஷன் ஐபிஏ என்று ஒரு வகையே கிடையாது, பேல் ஏலுக்கு வேறு லேபிள் ஒட்டிய வேலைதான் அது. ஆறு மாதம் முன்பு வரை இதுதான் என் கட்சி. (ஐபிஏ என்பது ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் மணமும் தூக்கலான, பலமான பீர். பேல் ஏல் அதைவிடச் சாது. ஐபிஏவையே ஆல்கஹால் குறைத்துக் காய்ச்சினால் செஷன் ஐபிஏ என்கிறார்கள்.) எதிர்க்கட்சி, என்னோடு சேர்ந்து பீர் காய்ச்சும் ஓர் அண்ணன். போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து பழகியவர். "தம்பி, ஏழு சதவீத ஐபிஏவைச் சுவைத்த நாக்கோடு அடுத்த கிளாஸில் நாலரை சதவீதத்துக்கு மார்க் போடச் சொன்னால் எவன் நியாயமாகப் போடுவான்? அதுக்குன்னு ஒரு மேசை வேண்டாமா?" என்பார். பேசிப் பேசி ஓயவில்லை. சரி, காய்ச்சியே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எல்லா பேட்சும் 20 லிட்டர்.

முதலில் கோடுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் கையில் வைத்திருக்கும் பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) ஏட்டில் அமெரிக்கன் ஐபிஏவுக்கு 5.5 முதல் 7.5 சதவீதம் ஆல்கஹால், கசப்பு 40 முதல் 70 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு). அமெரிக்கன் பேல் ஏலுக்கு 4.5 முதல் 6.2 சதவீதம், 30 முதல் 50 ஐபியூ. செஷன் ஐபிஏவுக்கு அங்கே தனி எண் இல்லை. 'ஸ்பெஷாலிட்டி ஐபிஏ' என்ற பலசரக்குப் பெட்டிக்குள் 3 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் 'செஷன் பலம்' என்று ஓர் அடைமொழி மட்டும் உண்டு. அமெரிக்காவின் ப்ரூயர்ஸ் அசோசியேஷன் (பீர் காய்ச்சுபவர்கள் சங்கம்) பட்டியலிலோ அது முழுசாக ஒரு தனி வகை: 3.7 முதல் 5 சதவீதம், 40 முதல் 55 ஐபியூ. ஆக, ஏடு போடுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

முதல் பேட்ச்: சோம்பேறித்தனம்

என்னிடம் நன்றாக வரும் ஒரு ஐபிஏ குறிப்பு உண்டு. ஓ.ஜி. (ஈஸ்ட் போடுவதற்கு முன் உள்ள அடர்த்தி; வெறும் தண்ணீர் 1.000) 1.064, அதாவது தண்ணீருக்கு மேல் 64 புள்ளி, 60 ஐபியூ. செஷன் என்றால் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) குறைத்தால் போயிற்று என்று 6 கிலோ மால்ட்டை 4 கிலோ ஆக்கினேன். ஹாப்ஸில் கை வைக்கவில்லை. மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவது) வழக்கம்போல 65 டிகிரி, ஈஸ்ட் யு.எஸ்.-05. ஓ.ஜி. 1.042, நொதித்து முடிந்தபோது 1.007. கணக்குப்படி 4.6 சதவீதம்.

குடித்தால், மணிக்கணக்கில் இலையை ஊறவிட்ட டீ. மூக்குக்கு நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் நாக்கு ஓரங்கள் இழுத்துக்கொண்டன.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விவரம் புரிந்தது. நீர்த்த வோர்ட்டில் (ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) ஹாப்ஸின் கசப்பு அதிகமாக இறங்கும். கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரத்தில் 1.064-க்குப் பதில் 1.042 என்று போட்டால் அதே ஹாப்ஸ், அதே நேரத்துக்கு 60 ஐபியூ இருந்தது 73 ஆகிவிடுகிறது. கசப்பை அடர்த்திப் புள்ளியால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பழைய குறிப்பில் 60-ஐ 64-ஆல் வகுத்தால் 0.94. புதியதில் 73-ஐ 42-ஆல் வகுத்தால் 1.74. தாங்குமா?

போதாக்குறைக்கு இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். மால்ட் குறைவு, தண்ணீர் அதே அளவு. மேஷுக்குப் பிறகு தானியத்தை அலசும்போது கடைசியாக வடிந்த நீரில் சர்க்கரையே இல்லை. அந்தக் கட்டத்தில் நீரின் பி.எச். ஏறும், உமியிலிருந்து துவர்க்கும் டானின் இறங்கும். டீ மாதிரி இருந்ததில் பாதிப் பழி ஹாப்ஸுக்கு, பாதி உமிக்கு. ஆல்கஹாலுக்கே ஒரு லேசான இனிப்பும் கனமும் உண்டு, கசப்பை ஈடுகட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. அதையும் குறைத்துவிட்டு கசப்பை ஏற்றினால் வேறென்ன வரும்.

இரண்டாவது பேட்ச்: பாட்டில் பொங்கியது

இந்தத் தடவை உடம்பு கொடுக்கவேண்டும் என்று தீர்மானம். மேஷ் 69 டிகிரி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளில் பீட்டா அமிலேஸ் அந்தச் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும், ஆல்ஃபா அமிலேஸ் வேலை செய்யும். ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் மிச்சமாகும். பத்து சதவீதம் ஓட்ஸ், கொஞ்சம் மியூனிக் மால்ட். ஈஸ்ட் வின்ட்சர், மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாத சாது. கசப்பு 40 ஐபியூ, அதில் பெரும்பகுதி அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியபின் போட்ட சிட்ரா, மொசைக் என்ற ஹாப்ஸ். அந்தச் சூட்டில் மணம் அவ்வளவாகப் பறந்து போகாது, கசப்பும் மெதுவாகத்தான் இறங்கும்.

ஓ.ஜி. 1.042, ஒரு வாரத்தில் 1.014-இல் நின்றது. 3.7 சதவீதம். ஹைட்ரோமீட்டர் குடுவையில் இருந்ததைக் குடித்துப் பார்த்தேன், வாய் நிறைய இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று லிட்டருக்கு 8 கிராம் வீதம் 160 கிராம் டிரை ஹாப் (கொதிக்கவிடாமல், நொதித்த பீரிலேயே மணத்துக்காகப் போடும் ஹாப்ஸ்) போட்டு, மூன்றாம் நாள் 1.013 பார்த்து, பாட்டிலில் அடைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தேன். பாதி, நுரையாகப் பொங்கி மேசையில். மிச்சத்தில் வெண்ணெய் வாடை. வாயுவை அடித்து வெளியேற்றிவிட்டு அளந்தால் 1.009. மீதி பாட்டில்களைக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். நாலு புள்ளி இறங்கினால் பாட்டிலுக்குள் கூடுதலாகச் சேரும் வாயு, பீரின் கன அளவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. வெடிக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இதற்குப் பெயர் ஹாப் கிரீப். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. டிரை ஹாப் போடும்போது அவை கொதிக்காமல் உயிரோடு உள்ளே போய், ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை வெட்டித் தின்னக் கொடுக்கின்றன. வின்ட்சர் சாதுதான், ஆனால் குளுக்கோஸும் மால்டோஸும் வாய்க்கே வந்தால் விடுமா. தூங்கிக்கொண்டிருந்த நொதித்தல் மறுபடி கிளம்பும், கூடவே வெண்ணெய் வாடையான டைஅசிட்டைலும் வரும். ஹொரேஸ் பிரவுனும் மாரிஸும் இங்கிலாந்தில் இதை 1893-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கிலோ கிலோவாக டிரை ஹாப் போடும் காலம் வந்த பிறகுதான் மறுபடி பேச்சு வந்தது.

ஏழு சதவீத ஐபிஏவில் இரண்டு மூன்று புள்ளி இறங்கினால் குடி முழுகிப்போகாது. குறைந்த ஆல்கஹால் பீரில் அந்த நாலு புள்ளிதான் உடம்பு. உயர்ந்த சூட்டில் மேஷ் செய்து நான் சேர்த்து வைத்ததை டிரை ஹாப் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது, ஆல்கஹாலும் 4.3-க்கு ஏறிவிட்டது. என் கட்சி முதலில் ஆட்டம் கண்டது இங்கேதான். ஐபிஏவில் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் இங்கே பீரையே கவிழ்க்கிறது என்றால், இது வெறும் லேபிள் சமாச்சாரமாக இருக்க முடியாதே.

மூன்றாவது பேட்ச்: ஒரே பீர், இரண்டு பெயர்

காய்ச்சிய விதத்தில் சொல்ல ஒன்றுமில்லை. 67 டிகிரி மேஷ், யு.எஸ்.-05, ஓ.ஜி. 1.046, முடிவில் 1.011, 4.6 சதவீதம், 46 ஐபியூ. டிரை ஹாப் லிட்டருக்கு 4 கிராம், கேஸ்கேடும் சிட்ராவும். இந்தத் தடவை பத்து நாள் பொறுத்துத்தான் அடைத்தேன். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த எண்கள் இவை. பி.ஜே.சி.பி.யின் பேல் ஏல் பெட்டிக்குள்ளும் இது கச்சிதமாக விழும், ப்ரூயர்ஸ் அசோசியேஷனின் செஷன் ஐபிஏ பெட்டிக்குள்ளும் விழும்.

ஏழு பேரைக் கூட்டி, இரண்டு ஜாடிகளில் ஊற்றி வைத்தேன். ஒன்றில் 'பேல் ஏல்' என்று சீட்டு, இன்னொன்றில் 'செஷன் ஐபிஏ' என்று சீட்டு. இரண்டிலும் ஒரே பீர். ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். பேல் ஏலைப் பற்றி ஐந்து பேர், மணம் தூக்கலாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். செஷன் ஐபிஏவைப் பற்றி நாலு பேர் எழுதியது: தண்ணியாக இருக்கிறது. ஒரே ஒருத்தி மட்டும் "ரெண்டும் ஒண்ணுதானே, விளையாடறியா?" என்று கேட்டாள். அண்ணன் பேல் ஏலுக்கு நாலு மார்க் கூடப் போட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஐபிஏன்னு எழுதினா ஐபிஏவைத்தான்டா நாக்கு தேடும்."

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். பேல் ஏல் சமநிலையானது, செஷன் பலத்து ஐபிஏ ஹாப்ஸ் பக்கம் சாய்ந்தது என்று பி.ஜே.சி.பி. ஏடே ஒப்பிட்டுப் பேசுகிறது. தாளில் அது தெளிவான வித்தியாசம்தான். ஆனால் இன்றைக்குக் காய்ச்சப்படும் பேல் ஏல்களில் எத்தனை சமநிலையாக இருக்கின்றன? எல்லாம் ஹாப்ஸ் பக்கம் சாய்ந்து வருடக்கணக்காகிறது. பேல் ஏல் நகர்ந்து போன இடத்தில் செஷன் ஐபிஏ வந்து நின்றால் இரண்டும் இடித்துக்கொள்ளத்தான் செய்யும். இந்த வகைக்கு அடையாளமாகப் பலரும் காட்டும் ஃபவுண்டர்ஸ் ஆல் டே ஐபிஏ 4.7 சதவீதம், 42 ஐபியூ. எண்ணை மட்டும் பார்த்தால் அதுவும் பேல் ஏல்தான்.

ஐபிஏ என்ற பெயருக்கும் பலத்துக்கும் உள்ள உறவே நாம் நினைக்கிற அளவுக்குப் பழசு இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. முதல் உலகப்போர்க் காலக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பிரிட்டனில் பீரின் அடர்த்தி ஒட்டுமொத்தமாக இறங்கியது. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன. கிரீன் கிங் ஐபிஏ 3.6 சதவீதத்தில் பல காலம் விற்றது, 'செஷன்' என்ற அடைமொழியெல்லாம் இல்லாமல்.

நான்காவது பேட்ச்: எந்த மேசையில் வைப்பது?

மூன்றாவதோடு வழக்கை மூடியிருப்பேன். ஆனால் 4.6-இல் பேல் ஏலோடு இடிக்கிறது என்றால், இன்னும் கீழே போனால்? குறி 3.5 சதவீதத்துக்குக் கீழே.

இதற்கு எதையும் பழைய குறிப்பிலிருந்து எடுக்கவில்லை. அடிப்படை மால்ட் மேரிஸ் ஆட்டர், ஏனென்றால் அதன் பிஸ்கட் சுவை குறைந்த அளவிலும் தெரியும். பத்து சதவீதம் ஓட்ஸ், ஐந்து சதவீதம் லேசான கிரிஸ்டல் மால்ட். மேஷ் 70 டிகிரி. முழுத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றி, பையைத் தூக்கி வடியவிட்டேன், அலசலே இல்லை. அதனால் சத்து குறைவாகத்தான் இறங்கியது, 4 கிலோ மால்ட் போட்டும் ஓ.ஜி. 1.036. டானின் தொல்லை இல்லை, அது போதும். தண்ணீரில் ஜிப்சத்தைக் குறைத்து கால்சியம் குளோரைடைக் கூட்டினேன். சல்பேட் கசப்பைக் கூராக்கும், குளோரைடு அதை மழுக்கி மென்மையாக்கும். கசப்பு 30 ஐபியூ. வகுத்தால் 0.83, என் பெரிய ஐபிஏவைவிடக் குறைவு. ஈஸ்ட் எஸ்-04.

1.010-இல் நின்றது, 3.4 சதவீதம். உடனே டிரை ஹாப் போடவில்லை. 4 டிகிரிக்குக் குளிரவைத்து ஈஸ்ட்டைக் கீழே படியவிட்டு, வேறு கலத்துக்கு மாற்றி, 10 டிகிரியில் 80 கிராம் ஹாப்ஸ், இரண்டே நாள். ஓரமாக ஒரு குடுவையில் கொஞ்சம் ஈஸ்ட்டோடும் ஹாப்ஸோடும் வெதுவெதுப்பான இடத்தில் விட்டுவைத்தேன், நோட்டம் பார்க்க. ஐந்து நாளில் அது 1.008. பெரிய கலம் 1.010-இலேயே இருந்தது. பயமில்லாமல் அடைத்தேன்.

மணம் முழுசாக இருந்தது, எலுமிச்சைத் தோலும் பழுத்த பழமும். கசப்பு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது, இழுக்கவில்லை. தண்ணியாக இல்லை, ஆனால் பேல் ஏலும் இல்லை. கனம் வேறு மாதிரி, ஓட்ஸின் வழுவழுப்பு. இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மூன்றாவது ஊற்றலாம் என்று தோன்றிய ஒரே பேட்ச் இதுதான்.

அண்ணனிடம் எண்களோடு கொடுத்தேன். ஏட்டைப் புரட்டினார். பேல் ஏல் 4.5-க்கு மேல், இல்லை. ப்ரூயர்ஸ் அசோசியேஷனின் செஷன் ஐபிஏ 3.7-க்கு மேல், இல்லை. பிரிட்டிஷ் கோல்டன் ஏல் 3.8-இல் ஆரம்பம், இல்லை. ஆர்டினரி பிட்டர் 3.2 முதல் 3.8, எண்ணுக்குச் சரி; ஆனால் சிட்ராவின் வாசனையோடு அதைப் பிட்டர் மேசையில் வைத்தால் முதல் நடுவரே ஒதுக்கிவிடுவார். மிஞ்சியது அந்தப் பலசரக்குப் பெட்டி ஒன்றுதான்.

இப்போது என் கட்சி மாறிவிட்டது, ஆனால் அண்ணன் கட்சிக்கும் போகவில்லை. கோட்டை 5 சதவீதத்தில் போட்டது தப்பு. நாலரைக்கு மேல் இருப்பதை நான் பேல் ஏல் காய்ச்சும் அதே கையால் காய்ச்ச முடிகிறது, ஊற்றிக் கொடுத்தால் குடிக்கிறவர்களுக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு எதற்குத் தனி மேசை? நாலுக்குக் கீழே போனால் மால்ட், மேஷ் சூடு, அலசல், தண்ணீர், டிரை ஹாப் போடும் குளிர் என்று எல்லாமே மாறவேண்டியிருக்கிறது. தனி வகை அங்கேதான் வேண்டும், அதில் ஐபிஏ என்ற மூன்றெழுத்து இருக்கக்கூடாது. லண்டனில் கெர்னல் ப்ரூவரி சுமார் 3 சதவீதத்தில் ஹாப்ஸ் நிறைந்த ஒன்றை 'டேபிள் பியர்' என்றே விற்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. பெல்ஜியத்தில் டேபிள் பியர் என்றால் வேறு பண்டம் என்று அண்ணன் மடக்குகிறார், அதுவும் வாஸ்தவம்தான்.

நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அங்கே இன்னும் காய்ச்சவில்லை.

ஐந்தாவது பேட்ச் இப்போது கலத்தில் இருக்கிறது. ஓ.ஜி. 1.030, மேஷ் 72 டிகிரி. இன்று காலை பார்த்தபோது 1.012. இதிலும் தண்ணிச் சுவை தெரியாவிட்டால் ஆச்சரியம்தான். அண்ணன் இரண்டு பாட்டில் கேட்டிருக்கிறார். லேபிள் ஒட்டாமல் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.