ஆடும் கீழ்ப் பல்செட்டும் மினி இம்பிளான்ட்டும்

“மேல் செட் கல்லு மாதிரி நிக்குது டாக்டர், கீழ் செட்தான் பேசும்போதே எழும்பி வருது.” முழுப் பல்செட் போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால், எச்சில் படலத்தின் மேல் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிறது. கீழே அதற்கு இடமில்லை. லாட வடிவில் ஒரு குறுகிய பட்டை, உள்ளே நாக்கு, வெளியே கன்னமும் உதடும். வாய் அசையும்போதெல்லாம் இவை சேர்ந்து செட்டைத் தூக்கிவிடுகின்றன. இதோடு எலும்புத் தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. பல் எடுத்தபின் தாடையின் முன்பகுதி இழக்கும் உயரம், மேலே இருப்பதைவிடக் கீழே ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 1972-ல் வெளியான டால்கிரெனின் நெடுங்கால ஆய்வு காட்டியது. அதனால் செட் பழசாகப் பழசாக அதைப் பிடித்து நிறுத்தும் மேடும் தாழ்ந்துகொண்டே போகிறது.

இதற்கான தீர்வுகளில் ஒன்றுதான் மினி இம்பிளான்ட். இம்பிளான்ட் என்பது செட்டைப் பிடித்து நிறுத்தத் தாடை எலும்புக்குள் முறுக்கி வைக்கும் திருகு. வழக்கமான இம்பிளான்ட் 3.5 முதல் 5 மி.மீ. வரை தடிமன் இருக்கும். மினி 3 மி.மீ.-க்கும் குறைவு, பெரும்பாலும் 1.8 முதல் 2.9 வரை. நீளம் 10 முதல் 18 மி.மீ. டைட்டானியம் கலவையில் ஒரே துண்டாகச் செய்த திருகு இது. ஈறுக்கு மேலே ஒரு சிறு உருண்டைத் தலை மட்டும் தெரியும். அந்த உருண்டைக்கு நேராகப் பல்செட்டின் உள்பக்கம் ஒரு உலோக மூடி பதிக்கப்பட்டிருக்கும், அதற்குள் ஒரு ரப்பர் ஓ-ரிங். செட்டை மாட்டினால் ரவிக்கையின் பிரஸ் பட்டன் போல ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மெல்லும் பாரத்தைச் சுமக்க வேண்டியது ஈறும் எலும்பும். திருகின் வேலை செட் மேலே எழும்பாமல் தடுப்பது மட்டுமே. இதைப் புரியவைக்காமல் திருகு போடுவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன. செட் ஈறில் சரியாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு கடியிலும் அது திருகுகளின் மேல் ஊஞ்சலாடும். இரண்டு மில்லிமீட்டர் திருகு அந்த வளைவை எத்தனை நாள் தாங்கும்? ஒன்று திருகு முறியும், இல்லையென்றால் சுற்றியிருக்கும் எலும்பு கரையும்.

ஆகவே முதலில் செட்டைப் பாருங்கள். வாயை லேசாகத் திறந்து, கீழ் செட்டின் வலது கடைவாய்ப் பல்லை விரலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். இடது பக்கம் எழும்புகிறதா? பிறகு இடது பக்கம் அழுத்திப் பாருங்கள். இப்படி ஆடினால் அடிப்பகுதி ஈறோடு பொருந்தவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு முதல் மருந்து ரீலைன் (செட்டின் உள்பக்கத்தில் புதுப் பூச்சுப் போட்டு ஈறோடு பொருத்துவது) அல்லது புதுச் செட். பற்களைச் சேர்த்துக் கடிக்கும்போது செட் முன்னாலோ பக்கவாட்டிலோ வழுக்கினால் கடிமானம் தவறு. அழுத்தினால் அசையாமல் உட்காருகிறது, வாயைத் திறந்தால் மட்டும் எழும்புகிறது என்றால், அந்தக் குறைக்குத்தான் மினி சரியான விடை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு வழக்கமான இம்பிளான்ட் வைத்த செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். எலும்பு அகலமாக இருந்து, உடல்நிலையும் இடம்கொடுத்தால் முதலில் அதைக் கேளுங்கள் என்பதே என் கருத்து. அதில் மேல்பாகத்தைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மினி ஒரே துண்டு, உருண்டை தேய்ந்தால் திருகையே எடுக்க வேண்டும். எலும்பு மெலிந்து போனவர்கள், எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் பெரிய அறுவையும் வேண்டாம் என்கிற வயதானவர்கள், செலவைப் பார்க்க வேண்டியவர்கள் ஆகியோருக்குத்தான் மினி நல்ல வழி.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. கீழே குறைந்தது 4, மேலே 6. மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே மினி தோற்பதும் அதிகம். மேல் செட்டின் அண்ணப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். அண்ணம் கொடுக்கும் தாங்கலையும் பறித்துவிட்டு மெல்லிய திருகுகளை மட்டும் நம்புவது ஆபத்து.

ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். தாடை முழுவதையும் ஒரே படத்தில் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரண்டு காரணங்கள். கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு, முன்கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. திருகுகள் அந்தத் துளைக்கு 5 முதல் 7 மி.மீ. முன்னால் நின்றுவிட வேண்டும். தவறினால் உதடு மரத்துப்போகும். இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. சிலருக்குக் கீழ்த்தாடையின் நாக்குப் பக்கச் சுவர் உள்நோக்கிக் குழிந்திருக்கும். திருகு அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனால் நாக்கின் அடியில் ரத்தக் குழாய் கிழியலாம். வாயின் அடித்தளம் வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சே அடைக்கும். ‘சின்ன ஊசிதான், ஸ்கேன் எதுக்கு’ என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

திருகு வைப்பது பார்க்க எளிதாகத்தான் இருக்கும். மரத்துப்போக ஊசி, பெரும்பாலும் ஈறைக் கிழிக்கத் தேவையில்லை. சுமார் 1.1 மி.மீ. துளைப்பானால் ஈறின் வழியாகவே எலும்பில் ஒரு முன்துளை. முழு ஆழத்துக்கு அல்ல, திருகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. மீதிப் பாதையைத் திருகே வெட்டிக்கொண்டு இறங்கும், அதன் பிடிமானமே அதில்தான். முதலில் விரலால், பிறகு சிறு திருப்பியால், கடைசியில் ராட்செட்டால் முறுக்குவார்கள். கெட்டியான எலும்பில் திருகு நகர மறுத்தால் வலுக்கட்டாயம் கூடாது. அரைச் சுற்று பின்னால் திருப்பி, சற்று விட்டு மறுபடி முறுக்க வேண்டும், அல்லது திருகை வெளியே எடுத்து முன்துளையை ஆழப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் திருகு எலும்புக்குள்ளேயே முறியும். உருண்டைகளுக்கு நடுவில் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மூடிகள் ஒன்றோடொன்று இடிக்கும். திருகுகள் கூடியவரை இணையாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஓ-ரிங் ஒரு பக்கமாகத் தேயும்.

முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டரை எட்டினால் அன்றைக்கே மூடிகளைச் செட்டில் பதித்துவிடலாம். எட்டவில்லை என்றால் செட்டின் உள்ளே மென்மையான ரீலைன் மட்டும் போட்டு, எலும்பு பிடிக்கும்வரை மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். ‘எல்லாருக்கும் ஒரே நாளில் முடியும்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

மூடி பதிக்கும் கட்டம்தான் கைத்திறனைக் காட்டும் இடம். உருண்டைகளுக்கு நேராகச் செட்டில் குழி எடுக்கிறார்கள். உருண்டையின் கழுத்தைச் சுற்றி ஒரு சிறு தடுப்பு வளையம், அதன்மேல் மூடி. இப்போது செட்டை மாட்டிப் பார்த்தால் மூடி எந்த இடத்திலும் செட்டைத் தொடக்கூடாது. தொடுகிறதா என்று பார்க்கக் குழிக்குள் வெள்ளைப் பசையைத் தடவி மாட்டுவார்கள். பசை அழிந்து அக்ரிலிக்கின் (செட் செய்யும் பிளாஸ்டிக்) நிறம் தெரிந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் சுரண்ட வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்தால், செட் ஈறில் உட்காராமல் மூடிகளின் மேல் நிற்கும், மேலே சொன்ன ஊஞ்சல் ஆரம்பித்துவிடும். பிறகு குழியில் தானே இறுகும் அக்ரிலிக்கை நிரப்பி, செட்டை மாட்டி, நோயாளியை வழக்கமான கடியில் மெதுவாக வாய் மூடச் சொல்வார்கள். நறுக்கென்று கடிக்கக் கூடாது. கடித்தால் ஈறு அமுங்கிய நிலையிலேயே எல்லாம் இறுகிவிடும், பின்னால் ஈறு எழும்பும்போது செட் திருகுகளை இழுக்கும். தடுப்பு வளையம் வைக்காமல் விட்டால் அக்ரிலிக் உருண்டையின் கழுத்துக்குக் கீழே ஓடி இறுகிக்கொள்ளும். அப்புறம் செட்டை வாயிலிருந்து வெட்டித்தான் எடுக்க முடியும்.

குழி எடுத்த இடத்தில் செட் மெலிந்துவிடுவதால், சில மாதங்களில் நடுவே விரிசல் விடுவது சகஜம். புதுச் செட் செய்யும்போதே உள்ளே உலோக வலையோ கோபால்ட் குரோம் சட்டமோ வைக்கச் சொல்லுங்கள்.

யாருக்கு யோசிக்க வேண்டும்? கட்டுக்குள் வராத சர்க்கரை, புகைப்பழக்கம், இரவில் பல் நறநறவென்று கடிப்பவர்கள், தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள். உடல் எலும்பு வலுவிழக்கும் ஆஸ்டியோபோரோசிஸுக்கு மருந்து எடுப்பவர்கள் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ‘என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க’ என்று கேட்டால் அம்மாக்கள் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியையோ சொல்ல மாட்டார்கள், அது மாத்திரை இல்லையே. தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அந்த மருந்துகளில் உண்டு. கூடப் போகும் பிள்ளைகள் இதை நினைவில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டுத்தான்.

சென்னையில் தனியார் கிளினிக்குகள் தவிர, கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடி பக்கமுள்ள தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரியில் நடைகள் கூடும். ஆனால் பல்செட் துறையினர் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்ப்பார்கள். எங்கே போனாலும் மூடிகள், ரீலைன், பின்னால் ஓ-ரிங் மாற்றுவது எல்லாம் சொன்ன தொகையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. செட்டை விரலால் இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி மாட்டுங்கள், கடித்து மாட்டக் கூடாது. கழற்றும்போதும் இரண்டு கையாலும் நேராகத் தூக்குங்கள். முதல் சில வாரம் இட்லி, குழைந்த சாதம், இடியாப்பம். முறுக்கும் சீடையும் கொட்டைப்பாக்கும் அதன் பிறகும் வேண்டாம். கத்தரிக்காய் விதையும் எள்ளும் மூடிக்குள் போய் உட்கார்ந்தால் செட் முழுதாக இறங்காது, சாப்பிட்டதும் கழற்றி அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் மூடிக்குள் வெள்ளைப் படிவம் சேரும், அதனால் இரவு ஊறவைக்கக் குடிதண்ணீரை எடுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளீச் வேண்டவே வேண்டாம். உருண்டைகளைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை தேயுங்கள்.

ஓ-ரிங் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தளரும். ‘டக்’ சத்தம் மங்கினாலே மாற்றும் நேரம் வந்துவிட்டது, சில நிமிட வேலை. திருகே ஆடினாலோ, அதைச் சுற்றி ஈறு சிவந்து தொட்டால் வலித்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். ஓ-ரிங்கின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் திருகு வந்த பொட்டலத்தின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டி வையுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவோ சிங்கப்பூரோ ஆறு மாதம் கிளம்பும் பெற்றோர், அந்த ஸ்டிக்கரின் போட்டோவோடு நான்கு ஓ-ரிங்கையும் சேர்த்து எடுத்துப் போனால், அங்கே உள்ள பல் மருத்துவர் மாற்றித் தருவது எளிதாகும்.