ஜெர்மனியிலிருந்து கிளம்பும் கடைசி வாரங்கள்: ஒரு தாள் படுத்திய பாடு

டிக்கெட், பெட்டிகளை அனுப்புவது, வீட்டுக்கு மூன்று மாத நோட்டீஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது ஒற்றைத் தாள்தான்: முகவரிப் பதிவை நீக்கியதற்கான ஆப்மெல்டுங் சான்று.

வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் இதற்கே போக முடியும். காலி செய்த இரண்டு வாரத்துக்குள் முடித்தும் விட வேண்டும். ஆனால் நாம் ரத்து செய்ய வேண்டிய இடங்களில் எல்லாம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். எங்கள் இன்டர்நெட் நிறுவனம் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும் என்றது. சரி, இன்றே தருகிறேன் என்றால், சான்று இல்லாமல் பதிய முடியாதாம். சான்று கடைசி வாரத்தில்தானே கிடைக்கும் என்றேன். "விதிமுறை அப்படி" என்று போனை வைத்துவிட்டார் அந்த அம்மா. டிக்கெட் நகலையும், வாடகை ஒப்பந்தம் முடிவதாக வீட்டுக்காரர் தந்த கடிதத்தையும் இணைத்து, சான்று பின்னால் வரும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். மறுபேச்சில்லாமல் ரத்து செய்து பதில் வந்தது! போனில் கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள், எழுதிப் போடுங்கள்.

முகவரிப் பதிவு அலுவலகத்தில் வேறு கூத்து. மனைவியும் நேரில் வந்தால்தான் ஆகும் என்றார் கவுன்டரில் இருந்தவர். அவளோ வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே குழந்தையோடு இருக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து குடும்பமாகப் போகிறவர்களில் ஒருவர் கையெழுத்து போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொன்னதும் பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். முத்திரை விழுந்தது, மன்னிப்பு மட்டும் வரவில்லை. இந்தியாவில் தங்கப்போகும் முகவரியையும் படிவத்தில் கேட்பார்கள், பின்கோடோடு எழுதிக்கொண்டு போங்கள். சான்றை அங்கேயே போனில் படம் பிடித்துவிடுங்கள்.

முகவரியை நீக்கினால் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணமும் தானாக நின்றுவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். சான்றின் நகலோடு தனியாக எழுதித்தான் அதை நிறுத்த வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒரு நகல் போகட்டும்.

வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டு டெபாசிட், வருமான வரி ரீஃபண்ட், கடைசி மின்கட்டணக் கணக்கில் மிச்சம் எல்லாம் நாம் ஊருக்குப் போன பிறகுதான் வரும். அதைவிட முக்கியம், ஜெர்மன் சிம்மை நிறுத்தும் முன் பணம் அனுப்ப வங்கி கேட்கும் ஒப்புதலை எஸ்எம்எஸ்ஸிலிருந்து வங்கியின் செயலிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பணம் கணக்கில் இருக்கும், எடுக்க வழி இருக்காது.

சாவி ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து, சுவரில் ஆணி ஓட்டைகளை எண்ணினார். எல்லாவற்றையும் அடைத்து வெள்ளையும் அடித்திருந்தேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த பழைய கறையைக் காட்டி, அதற்கும் பிடித்துக்கொள்வேன் என்றார். குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் குறிப்பை எடுத்து நீட்டினேன். அதில் அந்தக் கறை படத்தோடு இருந்தது. மனுஷன் டார்ச்சை அணைத்துவிட்டார். மூன்று மாத வாடகை டெபாசிட் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாக் கணக்கும் முடிய சில மாதங்கள் ஆகும் என்கிறார். அடுத்த கடிதமும் பதிவுத் தபாலில்தான்.