கொரோலாவின் நடுக்கம்: ஒரு யூலை மாத நாட்குறிப்பு

2025 யூலை 5, சனி

கியரை ‘டி’யில் (முன்னோட்டம்) வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் காரின் ஸ்டியரிங் கைக்குள் நடுங்குகிறது. டாஷ்போர்ட்டுக்குள் ஏதோ பிளாஸ்டிக் கிடுகிடுக்கிறது. கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஓட்டோ இரண்டாகத் தெரிகிறது. ஏசியைப் போட்டால் நடுக்கம் இன்னும் கூடுகிறது, ‘என்’னுக்கு (நியூட்ரல்) தள்ளினால் பாதி அடங்கிவிடுகிறது. ‘ஆர்’ (ரிவர்ஸ்) போடும் நேரம் மட்டும் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு குத்து. மட்டக்களப்புப் பக்கத்துக் காத்தான்குடி நெரிசலைத் தாண்டி வருவதற்குள் மாமி இரண்டு தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற வண்டி நோயைக் கூட்டக் கூடாது.

வண்டி 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. 5ஏ-எஃப்ஈ எஞ்சின், 1500 சிசி, ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. இந்த வருசம் பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்து வருகிற விலை எங்கள் வீட்டுக் கணக்குக்குள் அடங்காது. ஆகவே இந்த வண்டியைத்தான் நல்லபடி வைத்திருக்க வேண்டும். ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

யூலை 6, ஞாயிறு

நடுக்கம் என்று சொன்னவுடனே கல்லடியில் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். பிளக்கை மாத்து, இன்ஜெக்டரைக் கழுவு, வீல் அலைன்மென்ட் செய். மூன்றுக்கும் காசு கொடுத்துவிட்டு அதே நடுக்கத்தோடு வீட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். நடுக்கம் எதோடு சேர்ந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டத்தோடு வருகிறதா, எஞ்சின் சுற்றோடு வருகிறதா?

காலையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஓட்டம் விட்டேன். வெறும் ரோட்டில் 70, 80இல் ஸ்டியரிங் அசையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘என்’னுக்குத் தள்ளிப் பார்த்தேன், உருண்டு போகையில் சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. அப்போ ரயரும் ரிம்மும் குற்றவாளி இல்லை. வேகம் எடுக்கும்போது மட்டும் வண்டியின் முன்பக்கம் இடம் வலமாக ஆடினால் உள்பக்க சிவி ஜொயின்டை (கியர்பொக்ஸிலிருந்து சில்லுக்குச் சுற்றைக் கொடுக்கிற அச்சின் மூட்டு) சந்தேகிக்கலாம். அதுவும் இல்லை.

அடுத்தது எஞ்சின் ஒழுங்காக எரிகிறதா என்பது. இந்த வயசு டொயோட்டாவுக்கு ஸ்கேனர் தேவையில்லை. பொனட்டுக்குள் இருக்கிற டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து சாவியை ‘ஒன்’ போட்டால், கோளாறு இருந்தால் எஞ்சின் லைட் அந்த எண்ணைக் கணக்காக மின்னிக் காட்டும். எனக்கு விடாமல் ஒரே சீராக மின்னியது. கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பிளக் நாலும் ஒரே மண்ணிறம். சூடேறிய பிறகு ஐட்லிங் (அக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும் சுற்று) நிமிடத்துக்கு 750இல் ஊசி அசையாமல் நிற்கிறது. ஏசி போட்டாலும் விழவில்லை.

எஞ்சினில் பிழை இல்லை. ஆனால் அதன் ஆட்டம் வண்டியின் பொடிக்கு, அதாவது உடம்புக்கு, வந்து சேருகிறது. 750 சுற்று என்றால் செக்கனுக்குப் பன்னிரண்டரைச் சுற்று. நாலு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. செக்கனுக்கு 25 அடி. இந்த 25 அடியையும் விழுங்குவதற்குத்தான் மவுண்ட் என்கிற றப்பர். அது விழுங்கவில்லை என்றால் சீட்டுக்கு வரும், மாமியின் இடுப்புக்கும் வரும்.

யூலை 9, புதன்

காத்தான்குடி நானாவின் கராஜ் (மெக்கானிக்கை ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்). கச்சான் காத்து அடித்துக்கொண்டே இருக்கிறது, பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் வெக்கை. என் கணக்கைச் சொன்னேன். நானா தலையாட்டிவிட்டு பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

“தம்பி, நீங்க ஏறுங்க. பிரேக்க நல்லா மிதிச்சிட்டு டி போடுங்க. ஒல்லுப்போல அக்சிலேட்டர் குடுங்க, கனக்க வேணாம். மறுகா ஆர்.”

அவர் முன்னுக்கு நிற்கவில்லை, பக்கவாட்டில்தான் நின்றார். இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம். பிரேக் வழுக்கினால் முன்னுக்கு நிற்கிறவருக்குத்தான் ஆபத்து.

‘டி’யில் சில்லு முன்னுக்குச் சுற்றப் பார்க்கும், எஞ்சின் அதற்கு எதிராகப் பின்னுக்குச் சாயும். முன்பக்கம் மேலே எழும்பும், முன் மவுண்ட் இழுபடும். ‘ஆர்’ போட்டால் நேர்மாறு, பின்பக்கம் எழும்பும். நல்ல றப்பரில் இந்த அசைவு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருக்கும். இடம் மாறி நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘டி’யில் எஞ்சின் துள்ளி எழும்பியது. ‘ஆர்’இல் பின்பக்கம் தூக்கி, பிறகு இரும்பில் இரும்பு மோதியது. அந்த ‘டொக்’ அதுதான்.

ஜக் அடித்து, ஸ்டாண்ட் கொடுத்து, அடியில் படுத்துப் பார்த்தோம். இந்த வண்டியில் மவுண்ட் நாலு. வலப்பக்கம் டைமிங் பெல்ட் பக்கத்தில் ஒன்று, இடப்பக்கம் கியர்பொக்ஸுக்கு ஒன்று, அடியில் நீளவாக்கில் ஓடுகிற சென்டர் மெம்பரில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொன்று. முன் மவுண்டின் றப்பர் நடு வளையத்தை விட்டுக் கழன்று போயிருந்தது. நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டியதும் இடைவெளி விரிந்தது, என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. பின்னதும் அப்படியே. வலப்பக்கத்தது உள்ளே திரவம் உள்ள வகை. அதன் கீழே கறுப்பாக வழிந்து தூசி ஒட்டிக் கெட்டியாகிக் கிடந்தது. திரவம் போய்விட்டால் அது ஐட்லிங் அதிர்வை அமர்த்தாது, எஞ்சினும் அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

இடப்பக்கத்தது மட்டும் பார்வைக்குச் சுமார். நானா அதை விட்டுவிடலாம் என்றார். நான் மறுத்தேன். மூன்று புதிதும் ஒன்று பழையதும் என்றால் எஞ்சின் அந்தப் பழையதின் மேல் சாயும். அது போனால் மற்ற மூன்றும் சேர்ந்து இழுபடும். திரும்ப இதே வேலை.

யூலை 10, வியாழன், போயா

வலது மவுண்டுக்கு மேலே டப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பக்கிங்கால் எண்ணெய் கசிகிறது. சொட்டுச் சொட்டாக றப்பரில் விழுந்திருக்கிறது. எண்ணெய் பட்ட றப்பர் ஊதும், மென்மையாகும், பிறகு கிழியும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் போடுவது வீண். முதலில் பக்கிங்.

யூலை 12, சனி

பாட்ஸ் தேடல். மட்டக்களப்பு டவுனில் ஏறி இறங்கிய கடைகளில் கிடைப்பது மூன்று வகை.

ஜப்பானில் இருந்து வந்த பழையது, இங்கே ‘ரீகண்டிஷன்’ என்கிறார்கள். துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். ஆனால் றப்பருக்கு வயசு ஓடிய தூரத்தால் மட்டும் வருவதில்லை. வெப்பமும் காற்றும் வருசமும் சேர்ந்துதான் அதைக் கொல்கின்றன. என் வண்டியின் வயசுள்ள றப்பரைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. கதவு, லைட், கியர்பொக்ஸ் எல்லாம் ரீகண்டிஷனில் வாங்குவேன், றப்பர் சாமான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது, பெயர் தெரியாத கொப்பி. நகத்தால் அழுத்தினால் கல்லு மாதிரி. அது கிழியாது, உண்மைதான். ஆனால் அதிர்வை அப்படியே பொடிக்குக் கொடுக்கும். வலது மவுண்டின் கொப்பியில் திரவமே இல்லை, வெறும் றப்பர்க் கட்டி. பழைய மவுண்டுக்குள் பொலியூரித்தேன் ஊற்றி இறுக்கித் தருகிறோம் என்றும் ஒரு இடத்தில் சொன்னார்கள். ரேஸ் ஓடுகிறவருக்கு அது சரி. நோயாளியை ஏற்றுகிற வண்டிக்கு வேண்டாம்.

மூன்றாவது, டொயோட்டாவுக்கே செய்கிற தரத்தில் ஜப்பான் கம்பனிப் புதுச் சாமான். அது டவுனில் கையில் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கும் என்றார்கள். மச்சான் அங்கே வேலை, அவரிடம் சேசி நம்பரையும் ‘ஓட்டோ கியர்’ என்பதையும் எழுதி அனுப்பினேன். மெனுவலுக்கும் ஓட்டோவுக்கும் சில மவுண்ட் வேறு. நம்பர் இல்லாமல் “110க்குத் தாங்க” என்று கேட்டால் வேறொன்றுதான் வரும்.

யூலை 18, வெள்ளி

இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. நாலையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். நகம் பட்டால் குழிந்து திரும்ப எழும்புகிற றப்பர். உலோகமும் றப்பரும் ஒட்டுகிற விளிம்பில் இடைவெளியே இல்லை. வலப்பக்கத்ததைக் காதருகே ஆட்டினால் உள்ளே திரவத்தின் கனம் தெரிகிறது. ஜும்ஆ முடிந்து நானாவுக்கு எடுத்துச் சொன்னேன். நாளைக்குக் காலையில்.

யூலை 19, சனி

பற்றரியைக் கழற்றினோம். சம்புக்கு (எஞ்சினின் அடி எண்ணெய்த் தட்டு) கீழே தடித்த பலகை வைத்து, அதன் மேல் ஜக். பலகை இல்லாமல் ஜக் கொடுத்தால் சம்ப் குழிந்துவிடும். தூக்கவில்லை, எஞ்சினின் பாரம் ஜக்குக்கு வரும் அளவுக்கு மட்டும். கூடத் தூக்கினால் ரேடியேட்டர் ஹோஸும் சைலன்சர் பைப்பும் இழுபடும்.

நானாவின் முறை ஒவ்வொன்றாக. ஒன்று கழற்றி அந்த இடத்தில் புதிது ஏறிய பிறகுதான் அடுத்தது. நாலையும் ஒரே தரம் விட்டால் எஞ்சின் நகர்ந்துவிடும், துளைகளைத் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு. முதலில் வலது. புதிதை வைத்தபோது போல்ட் துளை பொருந்தவில்லை. இவ்வளவு காலமும் எஞ்சின் இறங்கியே இருந்திருக்கிறது. ஜக்கை மெல்ல ஏற்றித் துளை நேரானதும் போல்ட்டைக் கையால் முறுக்கி ஏற்றினார். ஸ்பனர் கைக்கே வரவில்லை. கையால் ஏறாத போல்ட்டை ஸ்பனரால் ஏற்றினால் மரை போய்விடும்.

இடதும் முன்னதும் மத்தியானத்துக்குள் முடிந்தன. பின்னது மசியவில்லை. வீடு கடற்கரைப் பக்கம், உப்புக்காற்று இந்த வண்டியின் அடியில் ஒரு போல்ட்டையும் விட்டு வைக்கவில்லை. காஸ் அடித்துச் சூடாக்கலாம் என்று கராஜ் பொடியன் சொன்னான். நானா விடவில்லை. பக்கத்திலேயே ஸ்டியரிங் ரேக்கின் றப்பர் பூட் இருக்கிறது. துரு இளக்குகிற ஸ்பிரேயை நன்றாக அடித்து, இரவு முழுக்க ஊற விட்டோம்.

யூலை 20, ஞாயிறு

நீளப் பைப் மாட்டிய பிடியில் நானாவும் பொடியனும் சேர்ந்து அழுத்த, கிறீச்சென்று போல்ட் விட்டுக்கொடுத்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் பழையதின் நடு வளையம் ஒரு பக்கம் சரிந்தே கிடக்கிறது.

கடைசி இறுக்குத்தான் இந்த வேலையின் உயிர். போல்ட் எல்லாம் பாதி இறுக்கத்தில் இருக்க ஜக்கை எடுத்தார், எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி அதன் சொந்த இடத்தில் உட்கார விட்டார், பிறகுதான் டொர்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பனர்). ஜக்கில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால் றப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். புது மவுண்ட் போட்டும் நடுங்குகிறது என்கிற வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட். ‘டி’. ஏசி. தண்ணீர்ப் போத்தலை டாஷ்போர்ட்டில் வைத்தேன். தண்ணீரில் மெல்லிய வளையம், அவ்வளவுதான். ‘ஆர்’ போட்டால் கியர் விழுந்ததே தெரியவில்லை. நானா பொனட்டை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நானும்தான்.

யூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அமிர்தகழி வரை சனம், ஊர்ந்து ஊர்ந்துதான் போகலாம். வண்டியை ‘டி’யிலேயே வைத்து நின்று நின்று போனோம், ஏசியும் ஓடியது. மாமி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும் “வண்டி மாத்திட்டீங்களா மகன்?” என்று கேட்டார். எனக்கு அது போதும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

எல்லா போல்ட்டையும் டொர்க் ரென்ச்சால் திரும்பப் பார்த்தோம். ஒன்றும் இளகவில்லை. டப்பட் கவர் காய்ந்து கிடக்கிறது. சைலன்சரின் முன் பைப் வலைப்பின்னலில் சின்னக் கிழிசல் ஒன்று தெரிகிறது. எஞ்சின் துள்ளிய காலத்தில் அது இழுபட்டு வந்த காயம் என்றார் நானா. இப்போதைக்குப் புகை கசியவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லடிப் புதுப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது இடது முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முன்பெல்லாம் பெரிய ஆட்டத்துக்குள் அது மறைந்திருக்கும். எஞ்சின் சுற்றுக்கும் கியருக்கும் அது மாறவில்லை, பள்ளத்துக்கு மட்டும் வருகிறது. ஆக மவுண்ட் இல்லை, ஸ்டெபிலைசர் லிங்காகத்தான் (வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் இணைப்பு) இருக்கும். சம்பளம் வந்ததும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவோம் என்று நானாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.