கீலுங் மழை, நாகசாகி மாதா, பூசான் கருவாடு

கப்பல் பயணம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கப்பல்ல போயி என்னத்தப் பாக்க, கப்பலையா?"

தூத்துக்குடியில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்தவரோடு 40 வருடம் குடும்பம் நடத்தியவர். அவருக்குக் கப்பல் என்றால் அப்பாவின் ஷிப்ட் நேரம், உப்பு படிந்த சட்டை, அவ்வளவுதான். அதில் படுத்துத் தூங்கி ஊர் சுற்றுவதெல்லாம் அவர் கணக்கில் வராத சங்கதி. இருந்தாலும் நவம்பரில் கிளம்பிவிட்டோம். ஹாங்காங்கில் ஏறி, தைவானின் கீலுங், ஜப்பானின் நாகசாகி, கொரியாவின் பூசான் வழியாக யோகஹாமாவில் இறங்குவது திட்டம். விசா வாங்கிய கதையை எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும், விடுங்கள்.

ஹாங்காங்கில் கப்பல் ஏறும் இடம் ஒரு பழைய விமான ஓடுபாதை. கடலை நிரப்பி நீட்டியது. காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்படும்வரை, கவுலூன் அடுக்குமாடிகளின் தலையை உரசுகிற மாதிரி வந்து விமானங்கள் இறங்கியது இங்கேதான். 2013இல் அதன் நுனியில் பயணியர் கப்பல் முனையத்தைத் திறந்தார்கள். சுத்தமான, பெரிய கட்டடம். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

ஹாங்காங்கில் எங்களுக்குப் பிடித்தது முந்தின நாள் போன ஸ்டார் ஃபெர்ரிதான். பச்சையும் வெள்ளையுமாகப் பழைய படகு. இருக்கையின் முதுகுப் பலகையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடலாம். படகு எந்தத் திசையில் போனாலும் முன்னே பார்த்து உட்கார ஏற்பாடு. இதன் தொடக்கம் 1888இல், தோராப்ஜி நவ்ரோஜி மித்தாய்வாலா என்கிற பார்சிக்காரர் நடத்திய படகுக் கம்பெனி. பெயரைச் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு. "மிட்டாய்க்காரரா கப்பல் விட்டாரு?"

கீலுங்கை நெருங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு மழைத் துறைமுகம் என்றே பட்டப்பெயர். குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று கடல் ஈரத்தை அள்ளிவந்து, ஊரைச் சுற்றி நிற்கிற மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. தூத்துக்குடிக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தருவதும் அந்தக் காற்றுதான் என்றேன். "அங்க மட்டும் கணக்குப் பாத்துல்லா பெய்யும்" என்றார் அம்மா.

பால்கனியில் நின்று பார்த்தோம். கிரேன்களுக்கு மேலே பருந்துகள் வட்டமடித்தன. நம் ஊர் மீன் சந்தை மேலே சுற்றுகிறதே, அந்தக் கரும்பருந்து இனம்தான். ஹாங்காங்கிலும் பார்த்தோம், பிறகு நாகசாகியிலும் இருந்தது. எதிரே குன்றின் மேல் பெரிய வெள்ளைச் சிலை ஒன்று; முக்காடு போட்ட பெண் உருவம். அம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"மாதாவால?"

"இல்லம்மா. அது குவான்யின். கருணைத் தெய்வம்னு பௌத்தர்கள் கும்பிடுறது."

அம்மா கையை இறக்கவில்லை. சிலுவையைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்று தைபே போனார்கள். இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்தில் ரயில் நிலையம், ஒரு மணி நேரத்துக்குள் தலைநகரம். 1891லேயே போட்ட தடம். ஆனால் கீலுங்கைப் பார்க்காமல் கீலுங்கில் இறங்குவது எனக்கு என்னவோ போல இருந்தது. போதாததற்கு அம்மாவின் முழங்கால். ஊரிலேயே இருந்துவிட்டோம்.

மழை ஊருக்கு ஏற்ற மாதிரிதான் கடைத்தெருவும். கட்டடங்களின் மாடி முன்னால் நீண்டு நடைபாதைக்குக் கூரையாக நிற்கிறது. கடைக்குக் கடை அப்படியே நனையாமல் போகலாம். அப்படித்தான் தியன்ஜி கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். 1870களில் எழுந்த கோவில். அதன் வாசலிலிருந்து தெருவெங்கும் மஞ்சள் விளக்குத் தொங்கும் தள்ளுவண்டிக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் எண். இரவுச் சந்தை என்று பெயர், ஆனால் பகலிலேயே பாதிக் கடை திறந்திருந்தது.

அங்கே ஒரு பண்டம். பெரிய வட்டச் சட்டியில் அடியில் தண்ணீர் கொதிக்க, அரிசி மாவுக் கரைசலைச் சட்டியின் ஓரச் சுவரில் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். அது சுவரில் ஒட்டி வெந்ததும் சுரண்டியெடுத்து, துண்டு போட்டு, இறாலும் காளானும் மிதக்கும் சூப்பில் சேர்க்கிறார்கள். அம்மா கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏல, இது ஆப்பத்தோட ஓரம்லா. நடுவை விட்டுட்டு ஓரத்தை மட்டும் சுட்டிருக்காங்க." எனக்கு அந்த சூப் சப்பென்று இருந்தது. அம்மா கிண்ணத்தைக் காலி செய்தார்.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பும்போது பியானோ மெட்டு ஒலிக்க மஞ்சள் வண்டி ஒன்று வந்தது. ஐஸ் வண்டி என்று நினைத்து அம்மா ஓரமாக நின்றார். வீடுகளிலிருந்து ஆட்கள் பையோடு வெளியே ஓடிவந்தார்கள். குப்பை வண்டி. தைவானில் குப்பை வண்டிக்கு இசை உண்டு. சத்தம் கேட்டதும் அவரவர் பையை அவரவரே கொண்டுவந்து போட வேண்டும்.

அடுத்த நாள் முழுக்கக் கடல். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம்.

நாகசாகிக்குள் கப்பல் நுழைகிற அழகுக்காகவே அதிகாலையில் எழலாம். இருபுறமும் மலை, நடுவே ஒடுங்கிய நீர். குறுக்கே மெகாமி பாலம். 65 மீட்டர் உயரம் இருக்கிறது என்று தெரிந்தும், புகைபோக்கி இடித்துவிடுமோ என்று மேல்தளத்தில் எல்லோரும் அண்ணாந்தே நின்றோம். இடது கையில் கப்பல் கட்டும் தளம். அங்கே 1909இல் நிறுத்திய, சுத்தியல் தலை போன்ற ஒரு கிரேன் இன்னும் நிற்கிறது. 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் கொரோனாவோடு யோகஹாமாவில் நின்று உலகச் செய்தியான டயமண்ட் பிரின்சஸ் கப்பலும் நாகசாகியில் கட்டியதுதான். கிரேனை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க அப்பா இருந்தா இதுக்கு எத்தன டன்னுன்னு கேட்டிருப்பாரு."

கைரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்து வெளியே வந்தால், மேடேறும் தெருவின் முடிவில் ஓரா தேவாலயம். இந்தக் கதையை அம்மாவுக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான்.

எங்கள் தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார்தான் 1549இல் ஜப்பானில் இறங்கியவரும். அவர் வைத்த விதை வளர்ந்தது. 1614இல் நாடு முழுக்கத் தடை. குருக்களை விரட்டினார்கள், கொன்றார்கள். கிறிஸ்தவம் அழிந்தது என்றே வெளியுலகம் நினைத்துக்கொண்டது. பிறகு நாடு வெளிநாட்டவருக்குக் கதவு திறந்ததும், இங்கே குடியேறிய ஐரோப்பியர்களுக்காகப் பிரெஞ்சுக் குருக்கள் இந்தக் கோவிலைக் கட்டினார்கள். 1865 மார்ச் 17 அன்று, பக்கத்து உரகாமி கிராமத்திலிருந்து சில விவசாயிகள் வேடிக்கை பார்ப்பதுபோல் உள்ளே வந்தார்கள். பெத்தித்ஜான் சாமியாரின் அருகில் வந்து ஒரு பெண் மெல்லக் கேட்டார்: சாந்தா மரியா சிலை எங்கே?

இருநூற்றைம்பது வருடம். குரு இல்லை, கோவில் இல்லை, பூசை இல்லை. தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம் மட்டும் வாய்வழியே தப்பி வந்திருக்கிறது.

அந்த மாதா சிலை இன்றும் அதே கோவிலில் இருக்கிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, நல்லதுதான். தஸ்நேவிஸ் மாதா கோவில் திருவிழாவில் கூட்டத்தில் இடிபட்டே பழகிய அம்மா, ஆளில்லாத அந்தக் கோவிலில் முழங்காலையும் மறந்து மண்டியிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்து அருங்காட்சியகத்தில்தான் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. ஒளிந்து வாழ்ந்தவர்களால் மாதா சிலையை வீட்டில் வைக்க முடியாது. மாட்டினால் தலை போகும். அதனால் கன்னோன் சிலையை வைத்துக்கொண்டு, மனதுக்குள் மரியாவாக நினைத்து ஜெபித்திருக்கிறார்கள். கன்னோன் என்பது குவான்யினுக்கு ஜப்பானியப் பெயர். படித்துச் சொன்னேன்.

"அன்னைக்கே சொன்னேன்" என்றார் அம்மா. "நீதான் இல்லன்ன."

இறங்கும் வழியெல்லாம் காஸ்தெல்லா கடைகள், தட்டில் துண்டு வைத்து அழைக்கிறார்கள். போர்த்துகீசியர் கொண்டுவந்த கேக், முட்டையும் சர்க்கரையும் மாவும்தான். அடியில் சர்க்கரைக் கல் நறநறவென்று கடிபடும். மக்ரூனோடு ஒப்பிட்டு அம்மா சொன்ன தீர்ப்பு: "ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. நம்மளது முந்திரி தின்னு வளந்தது."

டிராமில் பின்வாசலில் ஏறி, முன்வாசலில் காசு போட்டு இறங்க வேண்டும். வழியில் தேஜிமா. 1641இலிருந்து இருநூறு வருடத்துக்கு மேல் டச்சுக்காரர்களை அடைத்து வைத்திருந்த விசிறி வடிவத் தீவு. சுற்றிலும் நிலத்தை நிரப்பியதில் இன்று ஊருக்கு நடுவே வந்துவிட்டது. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் இங்கேயும் வியாபாரம் செய்தது. ஜப்பானில் ஒரு கோடு போட்ட பருத்தித் துணிக்கு சாந்தோமே என்று பெயர் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி, மயிலாப்பூர் சாந்தோமின் பெயரைத் தாங்கிப் போயிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, இறங்க நேரமில்லை.

உரகாமி. 1945 ஆகஸ்ட் 9. அணுகுண்டோடு வந்த விமானம் முதலில் போனது கொகுரா என்கிற வேறு ஊருக்கு. அங்கே தரை சரியாகத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. 11 மணி 2 நிமிடத்துக்கு வெடித்தது, ஒளிந்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் செங்கல் செங்கலாகக் கட்டிய கோவிலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில். அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் இறந்துபோனார்கள். அந்த வருட முடிவுக்குள் ஊரில் மொத்தம் ஏறக்குறைய 74,000 பேர்.

இப்போது இருப்பது 1959இல் திரும்பக் கட்டிய கோவில். அதன் சிற்றாலயம் ஒன்றில், இடிபாட்டிலிருந்து எடுத்த மாதா சிலையின் தலை இருக்கிறது. மரத்தில் செய்தது. கண்ணாடிக் கண்கள் தீயில் போய், இரண்டு கருங்குழிகள். கன்னத்தில் கருகல். அம்மா ஜெபம் எதுவும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கப்பலுக்குத் திரும்பும் வரைக்கும் பேச்சில்லை, இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

பூசான் அவரை மீட்டது.

கப்பல் நின்றது யாங்தோ தீவில். அங்கிருந்து பேருந்தில் நாம்போ கடைவீதி. வழியில் 1934இல் திறந்த, கப்பலுக்காக ஒரு பக்கம் தூக்கும் யாங்தோ பாலத்தைக் காட்டினேன். கொரியப் போரில் தெற்கே ஓடிவந்தவர்கள், வழியில் பிரிந்தால் இந்தப் பாலத்தில் சந்திப்போம் என்று சொல்லி வைத்துக்கொண்டார்களாம். எத்தனை பேர் சந்தித்தார்களோ. அம்மா கேட்டபாடில்லை, ஜன்னல் வழியாக வந்த வாசம் அவரை வேறு எங்கோ இழுத்துக்கொண்டிருந்தது.

ஜகால்சி மீன் சந்தையில் பெண்கள் ராஜ்ஜியம். ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட ஏப்ரன், வெயில் தொப்பி, கையில் கத்தி. சந்தையின் முழக்கம் பூசான் வட்டார வழக்கில்: "ஓயிசோ, போயிசோ, சாயிசோ." வாங்க, பாருங்க, வாங்கிக்கோங்க என்று அர்த்தம். அழைப்பதற்கும் விற்பதற்கும் கொரியர்களுக்கு இரண்டு சொல் வேண்டியிருக்கிறது, நமக்கு ஒரு 'வாங்க' போதும்.

அம்மா நடையே மாறிவிட்டது. "சாவாளை. இது அயிலை மாதிரி இருக்கு, ஆனா உடம்பு கொழுப்பு. கணவாய் உயிரோடல்லா கெடக்கு!" ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டார். நான் பதறினேன், கடைக்காரப் பெண்மணி பதறவில்லை. அம்மா வயதுதான் இருக்கும். அவரே இன்னொரு மீனை எடுத்துச் செவுளைக் காட்டினார். அம்மா தலையாட்டினார். அவரும் தலையாட்டினார். இதற்குள் பக்கத்தில் ஒரு குழந்தை "ஓம்மா! அப்பா!" என்று கத்தியது. அம்மா என் கையைப் பிடித்து, "கேட்டியா?" என்றார். உலகத்தில் பாதி மொழிகளில் குழந்தையின் முதல் சொல் இப்படித்தான் என்று விளக்கலாம்தான். குவான்யின் விஷயத்தில் வாங்கியது நினைவிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அதே பகுதியில் கருவாட்டுச் சந்தை. மலை மலையாக நெத்திலி, அளவு வாரியாக: பொடிசு வதக்க, பெரிசு சூப்புக்குப் போட. அம்மா ஒன்றை வாயில் போட்டு, உப்புக் கம்மி என்றார். ஆனாலும் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பேரம் பேசி, ஒரு பாக்கெட் வாங்கியபிறகுதான் நகர்ந்தார்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்பது கப்பல் விதி. ஸ்கேனரில் பை போனதும் காவலர் நிறுத்தினார். பாக்கெட்டை எடுத்தார், திருப்பினார், முகர்ந்தார், அம்மாவைப் பார்த்தார். சீல் பிரிக்காததால் விட்டுவிட்டார். அறைக்கு வந்ததும் அம்மா அதை இரண்டு துண்டில் சுற்றி, சேலைக்கு நடுவே வைத்து, பெட்டியைப் பூட்டினார். மறுநாள் காலை படுக்கை விரிக்க வந்த பையன் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டான்.

"தெறந்துட்டுப் போட்டும்" என்றார் அம்மா. "காத்து நல்லாத்தான் இருக்கு."