கடலில்லாத ஊரிலிருந்து கடல் காற்றாலைக்கு ஒரு மின்னஞ்சல்

மக்கள் தொடர்பு டிப்ளமோ செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் வாங்கியது 50-க்கு 17. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், வீட்டில் மாந்தோப்பு. வேலை ஓசூரில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில். கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். வந்த கேள்வியோ இது: மிதக்கும் காற்றாலைக்கு நங்கூரச் சங்கிலி இணைப்பு தயாரிக்கும் நிறுவனத்தின் செய்தியைக் கடல்சார் எரிசக்திப் பத்திரிகையாளருக்கு மின்னஞ்சலாக எழுதுக.

'உலகிலேயே முதல்முறையாக மிதக்கும் காற்றாலை' என்று ஆரம்பித்தேன். தேர்வாளர் அதைச் சுழித்து, பக்கத்தில் 'ஹைவிண்ட்?' என்று மட்டும் எழுதியிருந்தார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஹைவிண்ட் என்பது ஒரு மிதக்கும் காற்றாலைத் திட்டம். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே, அதன் தலா 6 மெகாவாட் திறனில் ஐந்து காற்றாலைகள் 2017-லேயே மிதந்தபடி மின்சாரம் தர ஆரம்பித்துவிட்டன. இந்தத் துறையை எழுதிப் பிழைப்பவருக்கு அது அரிச்சுவடி. அது தெரியாத ஆளின் இரண்டாவது வரியை அவர் ஏன் படிக்கப் போகிறார்?

அடுத்தது 'டி.ஆர்.எல். 7 எட்டிவிட்டோம்' என்ற வரி. தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதற்கான எண் அது. சிக்கல் என்னவென்றால், நாசா வழி வந்த அளவு 1 முதல் 9 வரை; அதில் 7 என்றால் முன்மாதிரியை உண்மையான சூழலில் ஓட்டிக்காட்டிய நிலை. கடலடி எண்ணெய்க் கருவிகளுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏ.பி.ஐ.) வைத்த 17என் அளவு 0 முதல் 7 வரை. அங்கே 7-தான் உச்சம், களத்தில் உழைத்து நிரூபித்த கருவி. எந்த அளவு என்று சொல்லாமல் வெறும் 7 போட்டால் ஏமாற்றப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். சோதனை அலைத்தொட்டியிலா கடலிலா, மாதிரி எவ்வளவு சின்னது, எத்தனை நாள் ஓடியது, யார் மேற்பார்வை என்று எழுதிவிடுங்கள். மண்டியில் 'நல்ல காய்ங்க' என்ற பேச்சுக்கு யார் விலை வைக்கிறார்கள்? ஒன்றை அறுத்துத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் தடவை தலைப்பு வரியிலேயே பொருள், கடல் பகுதி, சோதனை நாட்கள் மூன்றையும் வைத்தேன். உடல் பகுதி ஏழே வரி. கருவியைப் பொருத்திய காற்றாலை நிறுவனம் பெயர் வெளியிட அனுமதி தந்துவிட்டது என்பதையும் ஒரு வரியில் சொன்னேன். பலர் இதை மறந்து, செய்தி அச்சேறும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். செய்தியை இன்ன தேதி வரை வெளியிடாதீர்கள் என்று மின்னஞ்சலின் மேலே எழுதி அனுப்பினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பத்திரிகையாளர் முதலில் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகே விவரம்.

நேரமும் பார்க்க வேண்டும். பத்திரிகையாளர் நார்வேயின் ஒஸ்லோவில் இருந்தால், கோடையில் ஓசூரில் காலை 10 மணி என்றால் அங்கே 6.30. நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்புவதாகக் குறித்திருந்தேன். மே மாதம் ஹூஸ்டனில் ஓ.டி.சி. என்ற கடல்சார் தொழில்நுட்ப மாநாடு நடக்கும்போது புதிதாக யாரையும் அணுகாமல் இருப்பது நல்லது.

39 கிடைத்தது. பேட்டிக்கு நிர்வாக இயக்குநர் பெயரைக் கொடுத்ததற்கு மார்க் குறைத்திருந்தார்கள். சோதனையின்போது படகில் இருந்த பொறியாளர் எங்கே என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார் தேர்வாளர் அம்மா. சரியான கேள்வி.